குறிவிளக்கம் எங்கே அமர வேண்டும்?

வரைபடத்தில் குறிவிளக்கத்தை எந்த இடத்தில் வைப்பது என்பதே இன்றைய உரையின் பொருள். நிரலாளர்கள் வழக்கில் அதற்கு லெஜண்ட் என்று பெயர். பைத்தான் மொழியில் பெருவழக்காக இருக்கும் மேட்பிளாட்லிப் என்னும் நிரல் நூலகத்தை எடுத்துக்கொண்டு, அந்தச் சிறு பெட்டியை நகர்த்தும் வழிகள் என்ன, நகர்த்தும் முன் யோசிக்க வேண்டியவை என்ன என்று இந்த உரை வரிசையாகச் சொல்லும்.

ஒரு வரைபடத்தில் நீலக்கோடு ஒன்று, சிவப்புக்கோடு ஒன்று. நீலம் எது? சிவப்பு எது? படத்தைப் பார்ப்பவர் மனத்தில் எழும் முதல் கேள்வி அதுதான். விடை குறிவிளக்கத்தில் இருக்கிறது. கண் கோட்டை விட்டுப் பெட்டிக்குப் போகிறது. நிறத்தைப் பொருத்திப் பார்க்கிறது. பெயரை எடுத்துக்கொண்டு மறுபடி கோட்டுக்கு வருகிறது. இரண்டு கோடுகள் என்றால் இரண்டு முறை. ஆறு கோடுகள் என்றால் ஆறு முறை. பாதி வழியில் மறந்துவிட்டால் இன்னும் சில முறை. இந்தப் பயணத்தின் தூரத்தைத் தீர்மானிப்பது எது? குறிவிளக்கத்தின் இடம். பயணத்தின் குறுக்கே விழும் தடைகளைத் தீர்மானிப்பது எது? அதுவும் குறிவிளக்கத்தின் இடமே. இதை அலங்கார வேலை என்று கடைசி நிமிடத்துக்குத் தள்ளிவைப்பது பெருந்தவறு.

கணினிக்கு வெகு முன்பே இதைச் செம்மையாகச் செய்தவர்கள் உண்டு. ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் 1858-ல் வெளியிட்ட புகழ்பெற்ற படம் ஒன்று. கிரிமியப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் படைவீரர்கள் எதனால் இறந்தார்கள் என்று மாதவாரியாகக் காட்டுவது அது. வலப்பக்கத்தில் 1854 ஏப்ரல் முதல் 1855 மார்ச் வரையிலான பெரிய சக்கரம். இடப்பக்கத்தில் அதற்கு அடுத்த ஆண்டின் சிறிய சக்கரம். தடுத்திருக்கக்கூடிய நோய்களால் நேர்ந்த சாவுக்கு நீலம், காயங்களால் நேர்ந்ததற்குச் சிவப்பு, மற்றக் காரணங்களுக்குக் கறுப்பு. இந்த நிறங்களின் விளக்கம் எங்கே இருக்கிறது? இடப்பக்கத்தின் அடியில். இரண்டாம் ஆண்டில் சாவு குறைந்தது. அதனால் இடப்பக்கச் சக்கரம் சிறுத்தது. சிறுத்ததால் அதன் கீழே இடம் பிறந்தது. அந்த இடத்தில் விளக்கம் அமர்ந்திருக்கிறது. பதினோரு ஆண்டு கழித்து, 1869-ல், பிரெஞ்சுப் பொறியாளர் சார்ல் ழோசஃப் மினார் நெப்போலியனின் ரஷ்யப் படையெடுப்பைப் படமாக வரைந்தார். ரஷ்யாவுக்குள் செல்லும் படைக்கு ஒரு நிறம், திரும்பிவரும் படைக்குக் கறுப்பு. அந்த விளக்கம் மேலே, தலைப்பை ஒட்டிய பத்தியில் இருக்கிறது. தலைப்பைப் படித்த கையோடு நிறங்களையும் அறிந்துகொண்டு படத்துக்குள் இறங்கலாம். ஒன்றில் அடியில், மற்றதில் தலையில், இரண்டும் பொருந்தின. படத்துக்குப் படம் இடம் மாறும் என்பதற்கு இவ்விரண்டே போதும்.

இனி மேட்பிளாட்லிப். இதை உருவாக்கியவர் ஜான் ஹன்டர் என்ற அமெரிக்க நரம்பியல் ஆய்வாளர். வலிப்பு நோயாளிகளின் மூளை மின்பதிவுகளைத் திரையில் பார்க்க ஒரு கருவி வேண்டியிருந்தது. அந்தத் தேவையிலிருந்து பிறந்தது இது. முதல் வெளியீடு 2003-ல் வந்தது. ஹன்டர் 2012-ல் காலமானார். அவர் விட்டுச்சென்ற நிரல் நூலகம் தன்னார்வலர்களின் கையில் இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது. இதில் குறிவிளக்கத்தை வரவழைப்பது மிக எளிது. ஒவ்வொரு கோட்டையும் வரையும்போது 'லேபல்' என்ற அளபுருவில் அதன் பெயரைக் கொடுத்து, கடைசியில் 'லெஜண்ட்' என்ற செயற்கூற்றை அழைத்தால் போதும். பெயர் அடிக்கோட்டுடன் தொடங்கினால் அந்தக் கோடு குறிவிளக்கத்தில் சேராது. துணைக்கோடுகளை மறைத்துவைக்க அது வசதி. வரவழைப்பது எளிது. வந்த பெட்டி எங்கே உட்காரும்?

இடத்தைச் சொல்லாமல் விட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இரண்டு காலங்கள் உண்டு. 2.0 பதிப்புக்கு முன்வரை பெட்டி எப்போதும் வலது மேல் மூலையில் உட்கார்ந்தது. கீழே கோடு இருந்தாலும் சரி, புள்ளிகள் மொய்த்துக் கிடந்தாலும் சரி, அங்கேதான். 2017-ல் வந்த 2.0 பதிப்பு அந்த இயல்பை மாற்றியது. அன்றிலிருந்து இயல்பான இடம் 'பெஸ்ட்'. அதாவது, எது சிறந்த இடம் என்று நிரல் நூலகமே தேர்ந்துகொள்ளும்.

எப்படித் தேர்கிறது? இங்கே சற்று நின்று பார்ப்பது நல்லது. இதைப் புரிந்துகொண்டவருக்கே அதை எப்போது நம்பலாம், எப்போது நம்பக்கூடாது என்பது விளங்கும். நான்கு மூலைகள், நான்கு பக்கங்களின் நடுப்பகுதிகள், நட்ட நடு என்று ஒன்பது இடங்கள் இருக்கின்றன. ஒவ்வோர் இடத்திலும் பெட்டியைக் கற்பனையாக வைத்துப் பார்க்கிறது. கோடுகளின் எத்தனை முனைப்புள்ளிகள் பெட்டிக்குள் விழுகின்றன? எத்தனை கோடுகள் பெட்டியை வெட்டிச் செல்கின்றன? எத்தனை பட்டைகள் பெட்டியின்மேல் ஏறுகின்றன? இவற்றைக் கூட்டி ஒரு மோதல் எண் போடுகிறது. எண் மிகக் குறைவாக வரும் இடமே 'பெஸ்ட்'. ஓர் இடத்தில் மோதலே இல்லை என்றால் தேடல் அங்கேயே நின்றுவிடும். தேடல் தொடங்கும் இடம் வலது மேல் மூலை. ஆகவே அந்த மூலை காலியாக இருந்தால், மற்ற மூலைகள் அதைவிடப் பொருத்தமாக இருந்தாலும் அவை பரிசீலனைக்கே வருவதில்லை.

இதன் விளைவை ஒரு படத்தை மனக்கண்ணில் வரைந்து பார்க்கலாம். கிடை அச்சில் ஜனவரி முதல் டிசம்பர் வரை பன்னிரண்டு மாதங்கள். நிலை அச்சில் சராசரி மழை, மில்லிமீட்டரில். இரண்டு கோடுகள்: ஒன்று மும்பை, மற்றது சென்னை. மும்பைக் கோடு மே வரை தரையோடு தரையாகக் கிடக்கும், ஜூனில் எழும், ஜூலையில் உச்சம் தொடும். அந்நகரின் சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தின் ஜூலைச் சராசரி 800 மில்லிமீட்டருக்கு மேல். செப்டம்பர் முடிந்ததும் அந்தக் கோடு மளமளவென்று இறங்கிவிடும். சென்னைக் கோடு தென்மேற்குப் பருவத்தில் மெல்ல ஏறி, வடகிழக்குப் பருவம் வந்ததும் அக்டோபரிலும் நவம்பரிலும் நிமிரும். ஆனாலும் சென்னையின் நவம்பர் உச்சம் மும்பையின் ஜூலை உச்சத்தில் ஏறத்தாழப் பாதிதான். ஆகவே படத்தின் வலது மேல் மூலை, சென்னையின் மேட்டுக்கு மேலே, காலியாக இருக்கும்.

'பெஸ்ட்' என்ன செய்யும்? வலது மேல் மூலையைப் பார்க்கும். மோதல் இல்லை. அங்கேயே உட்காரும். கணக்குப்படி அது சரி. கண்ணுக்குச் சரியா? சென்னையின் நவம்பர் மேட்டுக்கு நேர் மேலே ஒரு பெட்டி. அந்தப் பெட்டியின் முதல் வரியில் 'மும்பை' என்ற பெயர். அவசரமாகப் பார்ப்பவர் அந்த மேட்டையே மும்பை என்று வாசித்துவிடக்கூடும். இப்போது இடது மேல் மூலையைப் பார்க்கலாம். ஜனவரி முதல் மே வரை இரண்டு நகரங்களிலும் மழை சொற்பம். அந்த மாதங்களுக்கு மேலே படம் வெறுமையாக விரிந்து கிடக்கிறது. பெட்டி அங்கே அமர்ந்தால் எந்த மேட்டையும் அது சுட்டிக்காட்டாது. இடமிருந்து வலமாகப் படிக்கும் கண், மழை தொடங்குவதற்கு முன்பே நிறங்களை அறிந்துகொள்ளும். மோதலை எண்ண நிரலுக்குத் தெரியும். பொருளை எண்ண அதற்குத் தெரியாது. அதை எண்ணுவது வரைபவரின் பொறுப்பு.

'பெஸ்ட்' முறைக்கு இன்னும் இரண்டு குறைகள். தரவு பல லட்சம் புள்ளிகளாகப் பெருகும்போது மோதல் கணக்கு நேரத்தை விழுங்கும்; நிரல் நூலகமே அதைப் பற்றி எச்சரிக்கைச் செய்தி விடுக்கும். அடுத்தது, தொடர்ப்படங்களில் வரும் தொல்லை. ஓர் அறிக்கையில் மாவட்டத்துக்கு ஒன்றாக முப்பது படங்கள் இருக்கின்றன என்று கொள்ளலாம். ஒன்றில் பெட்டி வலப்பக்கம், அடுத்ததில் இடப்பக்கம், அதற்கடுத்ததில் அடியில். பக்கம் புரட்டுகிறவர் ஒவ்வொரு படத்திலும் பெட்டியைத் தேட வேண்டும். தொடரில் இடம் மாறாமல் இருப்பதே பெரிய உதவி. ஓரிரு படங்களில் கொஞ்சம் நெருக்கடி ஏற்பட்டாலும் பொறுத்துக்கொள்ளலாம். தரவை ஆராயும் வேளையில், தனக்காக மட்டும் வரையும் படத்துக்கு 'பெஸ்ட்' நல்ல துணை. பிறர் பார்வைக்குப் போகும் படத்துக்கு இடத்தைக் கையால் எழுதுவதே முறை.

கையால் எழுதுவது எப்படி? அதற்கான அளபுரு 'லோக்'. 'அப்பர் ரைட்', 'அப்பர் லெஃப்ட்', 'லோயர் லெஃப்ட்', 'லோயர் ரைட்' என்று மூலைகளுக்கு நான்கு பெயர்கள். 'அப்பர் சென்டர்', 'லோயர் சென்டர்', 'சென்டர் லெஃப்ட்', 'சென்டர் ரைட்' என்று பக்கங்களுக்கு நான்கு. 'சென்டர்' என்று நடுவுக்கு ஒன்று. பழைய நிரல்களில் இவற்றுக்குப் பதிலாக 0 முதல் 10 வரை எண்கள் இருக்கும். எண்கள் இன்றும் வேலை செய்யும். ஆனால் ஆறு மாதம் கழித்து நிரலைத் திறப்பவருக்கு 4 என்றால் வலது கீழ் மூலை என்று நினைவிருக்குமா? பெயரையே எழுதுவது நல்லது. தரவின் போக்கைப் பார்த்தால் பெரும்பாலும் இடம் தானே தெரிந்துவிடும். ஆண்டுக்கு ஆண்டு ஏறிச்செல்லும் கோட்டுக்கு இடது மேல் மூலையும் வலது கீழ் மூலையும் காலி. இறங்கிச்செல்லும் கோட்டுக்கு வலது மேல் மூலை காலி. அலையலையாக மேலும் கீழும் ஆடும் கோட்டுக்கு? உள்ளே எங்குமே இடமில்லை. அப்போது பெட்டி வெளியே போக வேண்டும்.

வெளியே போகும் வழியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். 'பிபாக்ஸ் டு ஆங்கர்' என்ற அளபுருவுக்கு இரண்டு எண்கள் கொடுக்க வேண்டும் என்று எங்கோ படிக்கிறார்கள்; கொடுக்கிறார்கள்; பெட்டி எதிர்பாராத இடத்தில் போய் உட்காருகிறது; எண்களை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். தடுமாற்றத்துக்குக் காரணம் ஒன்றுதான்: இங்கே 'லோக்' என்பதன் பொருள் மாறிவிடுகிறது. சுவரில் நாட்காட்டி மாட்டுவதை நினைத்துப் பார்க்கலாம். ஆணி எங்கே என்பது ஒரு கேள்வி. நாட்காட்டியின் எந்த மூலையில் துளை என்பது வேறொரு கேள்வி. 'பிபாக்ஸ் டு ஆங்கர்' ஆணியின் இடத்தைச் சொல்கிறது. 'லோக்' துளையின் இடத்தைச் சொல்கிறது. ஆணி மட்டும் தெரிந்தால் நாட்காட்டி எப்படித் தொங்கும் என்று சொல்ல முடியாது. துளையும் தெரிய வேண்டும்.

ஆணியை அடிக்கும் அளவுகோல் எது? வரைபரப்பின் அகலமும் உயரமுமே அளவுகோல். இடது கீழ் மூலை 0, 0. வலது மேல் மூலை 1, 1. இந்த வரம்பைத் தாண்டிய எண் எல்லாம் பரப்புக்கு வெளியே. ஆணி 1.02, 1 என்று அடித்து, துளை 'அப்பர் லெஃப்ட்' என்று சொன்னால், பெட்டியின் இடது மேல் மூலை படத்தின் வலது ஓரத்துக்குச் சற்று வெளியே பொருந்தி, பெட்டி முழுவதும் வலப்பக்கமாக விரியும். அதே ஆணியை வைத்துக்கொண்டு துளையை 'அப்பர் ரைட்' என்று மாற்றினால்? பெட்டியின் வலது மேல் மூலை ஆணியில் மாட்டும். பெட்டி இடப்பக்கமாக விரிந்து படத்துக்குள்ளேயே விழும். எண் ஒன்றுகூட மாறவில்லை. இடம் முற்றிலும் மாறிவிட்டது. பலர் மணிக்கணக்கில் எண்களோடு போராடுவது இந்த ஒரு சொல்லை மாற்றாததால்தான்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ஆணிக்கும் பெட்டிக்கும் நடுவே இயல்பாகவே சிறு இடைவெளி விடப்படுகிறது. 'பார்டர்ஆக்ஸஸ்பேட்' என்பது அதன் பெயர். எழுத்தளவில் பாதி, அதாவது 0.5, அதன் இயல்பு மதிப்பு. பெட்டியின் மேல்விளிம்பு படத்தின் மேல்விளிம்போடு ஒரே கோட்டில் நிற்க வேண்டுமானால் அதை 0 ஆக்க வேண்டும். இரண்டு இடைவெளிகளுக்கும் குணம் வேறு. 1.02 என்பதில் உள்ள 0.02, படத்தின் அகலத்தைப் பொறுத்தது. படம் அகன்றால் அதுவும் அகலும். 'பார்டர்ஆக்ஸஸ்பேட்' எழுத்தளவைப் பொறுத்தது. படத்தின் அளவு மாறினாலும் மாறாது. பல அளவுகளில் படம் அச்சிடுபவர்கள் ஆணியை 1, 1 என்று ஓரத்திலேயே அடித்துவிட்டு, இடைவெளியை இரண்டாவதிடம் ஒப்படைப்பது நல்லது.

படத்தின் அடியில் வைக்க விரும்பினால் ஆணி 0.5, -0.15 போன்ற இடத்தில், துளை 'அப்பர் சென்டர்'. அங்கே கிடை அச்சின் எண்களும் தலைப்பும் ஏற்கெனவே குடியிருக்கின்றன. ஆகவே எதிர்மறை எண்ணை அவற்றின் உயரத்துக்கு ஏற்பக் கூட்ட வேண்டும். அடியிலோ தலையிலோ வைக்கும்போது பெயர்களை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்காமல் பக்கவாட்டில் பரப்ப வேண்டும். அதற்கு 'என்கால்ஸ்' என்ற அளபுருவில் பத்திகளின் எண்ணிக்கையைக் கொடுக்கலாம். தலைப்புக்கும் படத்துக்கும் நடுவே முழு அகலத்துக்கும் ஒரு பட்டையாக விரிக்கவும் வழி உண்டு: ஆணிக்குப் பதிலாக ஒரு செவ்வகத்தையே கொடுத்து, 'மோட்' என்பதை 'எக்ஸ்பாண்ட்' ஆக்கினால் பெட்டி அந்தச் செவ்வகத்தின் அகலம் முழுவதையும் நிறைத்துக்கொள்ளும். காலத்தொடர் படங்களுக்கு இந்தப் பட்டை மிகவும் பொருந்தும். படத்தின் அகலம் குறைவதில்லை; மினாரின் படத்தைப் போலவே தலைப்பை ஒட்டி விளக்கமும் வந்துவிடுகிறது.

பெட்டி வெளியே போய்விட்டது. திரையில் அழகாகத் தெரிகிறது. கோப்பாகச் சேமித்து, அறிக்கையில் ஒட்டிப் பார்த்தால் பாதிப் பெட்டியைக் காணோம்! மேட்பிளாட்லிப் பழகும் அனைவரும் ஒருமுறையேனும் சந்திக்கும் சிக்கல் இது. காரணம் எளியது. முழுப் படத்தாளுக்கு ஃபிகர் என்று பெயர். அதன் இயல்பான அளவு 6.4 அங்குல அகலம், 4.8 அங்குல உயரம். வரைபரப்பு அந்தத் தாளின் பெரும்பகுதியை ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கிறது. ஓரத்தில் மிஞ்சும் சிறு இடத்தில் பெட்டி அடங்காமல் தாளுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. சேமிக்கும்போது தாளுக்கு வெளியே இருப்பது வெட்டுப்படுகிறது.

இதற்குப் பலரும் கையாளும் மருந்து, சேமிக்கும் கட்டளையில் 'பிபாக்ஸ் இன்ச்சஸ்' என்பதை 'டைட்' ஆக்குவது. அப்போது வரையப்பட்ட அனைத்தும் அடங்கும்படி தாளின் அளவே மாற்றப்படும். பெட்டி தப்பித்துவிடும். ஆனால் தாளின் அகலம் இனி வரைபவர் சொன்ன அகலம் இல்லை. ஆய்விதழ் கேட்ட அகலத்துக்குத் திட்டமிட்ட படம், பெட்டியின் அகலத்துக்கு ஏற்பப் பெருத்துவிடும். இதழில் அதைச் சுருக்கிப் போடும்போது எழுத்தும் சேர்ந்து சுருங்கும். நீண்ட பெயர்கள் உள்ள படத்தில் ஓர் அளவு, குறுகிய பெயர்கள் உள்ள படத்தில் வேறு அளவு. அளவு முக்கியம் என்றால் இந்த மருந்து போதாது.

மேலான வழி, பெட்டிக்கு வேண்டிய இடத்தைத் தாளுக்குள்ளேயே ஒதுக்குவது. 'கன்ஸ்ட்ரெயின்ட்' என்ற தளவமைப்பு முறையைத் தொடக்கத்திலேயே தேர்ந்துவிட்டால், வெளியே நிற்கும் பெட்டியையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு வரைபரப்பு தானாகச் சுருங்கும். தாளின் அளவு மாறாது. 2023-ல் வந்த 3.7 பதிப்பு இதை இன்னும் எளிதாக்கியது. முழுத் தாளுக்குமான குறிவிளக்கத்தை அழைத்து, 'லோக்' மதிப்பின் முன்னே 'அவுட்சைட்' என்ற சொல்லைச் சேர்த்தால் போதும். ஆணியும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். சொற்களின் வரிசை மட்டும் முக்கியம். 'அவுட்சைட் ரைட் அப்பர்' என்றால் வலப்பக்கத்தில் இடம் ஒதுக்கி, அங்கே மேலாக வைக்கும். 'அவுட்சைட் அப்பர் ரைட்' என்றால் தலைப்பக்கத்தில் இடம் ஒதுக்கி, அங்கே வலப்புறமாக வைக்கும். முதலில் வரும் திசைதான் எந்தப் பக்கம் என்பதைத் தீர்மானிக்கிறது. புதிய பதிப்பைப் பயன்படுத்துவோர் வெளிப்பெட்டிக்கு இந்த வழியையே முதலில் எடுக்க வேண்டும். ஆணி முறை இதற்கு அடங்காத தேவைகளுக்கு இருக்கட்டும்.

ஒரே தாளில் நான்கு வரைபரப்புகள்; நான்கிலும் அதே மூன்று கோடுகள். நான்கு பெட்டிகள் வேண்டுமா? வேண்டாம். ஒரு பெட்டியே போதும். வரைபரப்பின் 'லெஜண்ட்' வேறு, தாளின் 'லெஜண்ட்' வேறு. தாளின் குறிவிளக்கத்துக்கு 'பெஸ்ட்' கிடையாது. ஆணியின் அளவுகோலும் தாளின் அகல உயரமாக மாறிவிடும். ஏதேனும் ஒரு வரைபரப்பிலிருந்து கோடுகளையும் பெயர்களையும் எடுத்துத் தாளிடம் கொடுத்தால் நான்குக்கும் பொதுவாக ஒரு பெட்டி வந்துவிடும். எல்லாவற்றிலிருந்தும் எடுக்கவிட்டால் அதே பெயர் நான்கு முறை வரும்.

இரட்டை அச்சுப் படங்களில் வேறொரு சிக்கல். இடது அச்சில் வெப்பம், வலது அச்சில் மழை என்று 'ட்வின்எக்ஸ்' கொண்டு வரையும்போது, ஒரே படம்போல் தெரிந்தாலும் உள்ளே இரண்டு வரைபரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று கிடக்கின்றன. ஒவ்வொன்றும் தன் கோடுகளை மட்டுமே அறியும். இரண்டிலும் 'லெஜண்ட்' அழைத்தால் இரண்டு பெட்டிகள். சில வேளை ஒன்றை ஒன்று மறைக்கும். முதலாவதின் பெட்டியின்மேல் இரண்டாவதின் கோடு ஏறி ஓடும். 'பெஸ்ட்' இங்கே உதவாது, ஏனென்றால் மற்றொரு பரப்பின் கோடுகள் அதன் மோதல் கணக்கில் வருவதே இல்லை. தீர்வு, இரண்டின் கோடுகளையும் பெயர்களையும் ஒரே பட்டியலாக்கி, மேலே கிடக்கும் இரண்டாவது வரைபரப்பிடம் கொடுப்பது.

இதற்கு எதிரான தேவையும் வரும். நிறம் நகரத்தைக் குறிக்கிறது, கோட்டின் பாணி ஆண்டைக் குறிக்கிறது என்றால் ஒரே பரப்பில் இரண்டு பெட்டிகள் வேண்டும். ஆனால் இரண்டாம் முறை 'லெஜண்ட்' அழைத்தவுடன் முதல் பெட்டி மறைந்துவிடும். ஒரு பரப்புக்கு ஒரு பெட்டி என்பது விதி. முதல் பெட்டியை 'ஆட் ஆர்ட்டிஸ்ட்' கொண்டு தனி உருப்படியாகச் சேர்த்துவிட்டால் இரண்டும் நிலைக்கும்.

இடம் சரியாக அமைந்தாலும் பெட்டிக்குள் இருக்கும் வரிசை தவறாக இருந்தால் கண்ணின் பயணம் நீளும். வரைந்த வரிசையிலேயே பெயர்கள் வரும். அதை அப்படியே விட்டுவிடுவது பெரும்பாலோர் வழக்கம். கோடுகள் வலது ஓரத்தில் எந்த வரிசையில் மேலிருந்து கீழாக முடிகின்றனவோ, அதே வரிசையில் பெயர்களும் இருக்க வேண்டும். அடுக்குப் பட்டைகளில் இது இன்னும் முக்கியம். அடியில் இருக்கும் அடுக்கை முதலில் வரைகிறோம். அதன் பெயர் பெட்டியின் உச்சியில் வந்து நிற்கும். படம் ஒரு வரிசை, பெட்டி அதற்கு நேர் எதிர் வரிசை. 3.7 பதிப்பு முதல் 'ரிவர்ஸ்' என்ற அளபுரு இதை ஒரே சொல்லில் திருப்பித் தருகிறது. புள்ளிக்கோடு, வெட்டுக்கோடு என்று பாணியால் வேறுபடுத்தும் படங்களில் இன்னொன்று: பெட்டிக்குள் வரும் மாதிரிக் கோட்டின் நீளம் இரண்டு எழுத்தளவுதான். அவ்வளவு குறுகிய கோட்டில் பாணி வேறுபாடு சரியாகத் தெரியாது. 'ஹேண்டில்லெங்த்' மதிப்பை 3 அல்லது 4 ஆக்கினால் தெரியும். நிறங்களைப் பிரித்தறிய இயலாதவர்களுக்கு அந்தப் பாணி ஒன்றே துணை.

தமிழில் பெயர் எழுதுவோருக்குத் தனியாக ஒரு செய்தி. மேட்பிளாட்லிப்போடு வரும் டெஜாவூ சான்ஸ் என்ற எழுத்துருவில் தமிழ் எழுத்துகள் இல்லை. பெட்டிக்குள் வெறும் கட்டங்களே வரும். தமிழ் எழுத்துரு ஒன்றைக் கொடுத்தாலும் சிக்கல் முழுதாகத் தீர்வதில்லை. இந்த நிரல் நூலகத்தின் இயல்பான வரைபொறி நீண்ட காலமாக எழுத்துகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கியே வந்திருக்கிறது. எழுத்துக்கு முன்னே வர வேண்டிய ஒற்றைக்கொம்பும் இணைக்கொம்பும் பின்னே போய் நின்றன. 'சென்னை' என்ற பெயரிலேயே அந்த இரண்டு குறிகளும் இருக்கின்றன. இரண்டும் இடம் மாறும். பிஜிஎஃப் வரைபொறியைத் தேர்ந்து, எழுத்துக் கோக்கும் வேலையை ஸீலாடெக்கிடம் ஒப்படைத்தால் தமிழ் பிழையின்றி வரும். அதோடு, தமிழ்ப் பெயர்கள் ஆங்கிலப் பெயர்களைவிடப் பெரும்பாலும் நீண்டவை. ஆங்கிலத்தில் மூலைக்குள் அடங்கிய பெட்டி தமிழில் கோட்டின்மேல் ஏறக்கூடும். மொழியை மாற்றியவுடன் இடத்தையும் மறுபடி பார்க்க வேண்டும்.

மற்ற நிரல் நூலகங்கள் எப்படி? ஆர் மொழியின் ஜிஜிபிளாட்2 பெட்டியை இயல்பாகவே வெளியே, வலப்பக்கத்தில் வைக்கிறது. பிளாட்லியும் அப்படியே. முதலிலேயே இடம் ஒதுக்கிவிடுவதால் மோதல் என்ற பேச்சே அங்கு எழுவதில்லை. அதற்கு விலையாகப் படத்தின் அகலம் குறைகிறது. மேட்பிளாட்லிப்பின்மேல் கட்டப்பட்ட சீபார்னில், வரைந்து முடித்த பின் பெட்டியை இடம் மாற்ற 'மூவ் லெஜண்ட்' என்ற செயற்கூறு உண்டு. ஆணியும் துளையும் அங்கேயும் அதே பொருளில்தான்.

இத்தனையும் சொன்ன பின் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. பெட்டி தேவைதானா? வில்லியம் பிளேஃபேர் 1786-ல் வெளியிட்ட தம் வணிக அட்லஸில் இங்கிலாந்தின் ஏற்றுமதியையும் இறக்குமதியையும் இரண்டு கோடுகளாக வரைந்தார். பெட்டி எதுவும் போடவில்லை. ஏற்றுமதிக் கோட்டின் மேலேயே ஏற்றுமதி என்று எழுதினார். இறக்குமதிக் கோட்டின் மேலேயே இறக்குமதி என்று எழுதினார். கண் எங்கும் போய்வர வேண்டியதில்லை. கேள்வி எழும் இடத்திலேயே விடை இருக்கிறது. மேட்பிளாட்லிப்பிலும் இது கடினமில்லை. ஒவ்வொரு கோட்டின் கடைசிப் புள்ளிக்கு அருகில், அதே நிறத்தில், 'அனோட்டேட்' கொண்டு பெயரை எழுதிவிடலாம். மழைப் படத்தில் மும்பையின் பெயரை ஜூலை உச்சியிலும் சென்னையின் பெயரை நவம்பர் உச்சியிலும் எழுதினால் பெட்டியே வேண்டியிராது.

எல்லாப் படத்துக்கும் இது ஒத்துவராது. கோடுகள் ஒரே இடத்தில் முடிந்தால் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கலந்து சிதறிக் கிடக்கும் புள்ளிக்கூட்டங்களுக்குப் பெயர் எழுத ஓரிடம் கிடையாது. பத்துப் பதினைந்து சிறு படங்கள் கொண்ட தாளில் ஒவ்வொன்றிலும் எழுதுவது நெரிசல். அங்கெல்லாம் பெட்டி வேண்டும். நல்ல இடத்தில் வேண்டும். நான்கு கோடுகளுக்குள் அடங்கும் படம் என்றால் முதலில் கோட்டின்மேல் பெயரெழுதிப் பார்த்து, இடமில்லை என்று தெரிந்த பிறகே 'லெஜண்ட்' அழைக்கலாம். எப்படி வரைந்தாலும், படத்தை அச்சேறப்போகும் அதே அளவில் ஒரு தாளில் எடுத்து, தரவை அறியாத ஒருவரிடம் காட்டி, எந்தக் கோடு எது என்று கேட்டுப் பாருங்கள். அவர் தயங்கினால் பெட்டியை நகர்த்துங்கள்.